வஸீஃபா நின்ற பிறகு

1857இல் ஆங்கிலேயப் படை தில்லியை மீண்டும் பிடித்தபோது, முஹம்மது ஹுசைன் ஆசாத் என்ற இளைஞரின் வீட்டுக்குள் சிப்பாய்கள் புகுந்து எல்லோரையும் வெளியே துரத்தினார்கள். வீட்டில் இருந்த பண்டபாத்திரம் எதையும் அவர் தொடவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் காலமான தன் ஆசான் ஜவ்க்கின் கஜல்கள் அடங்கிய கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். மற்றதெல்லாம் மறுபடி சம்பாதித்துக்கொள்ளலாம், உஸ்தாத் திரும்பி வந்து எழுதித் தரமாட்டார் என்று நினைத்தாராம். பத்திரிகை நடத்திவந்த அவருடைய தந்தை மௌல்வி முஹம்மது பாக்கரை ஆங்கிலேயர் அந்த நாட்களிலேயே கொன்றார்கள். ஆசாத் ஊர் ஊராக அலைந்து லாகூர் சேர்ந்தார். 1880இல் அங்கிருந்து வெளியிட்ட 'ஆபே ஹயாத்' என்னும் நூலின் வழியேதான் பழைய உருதுக் கவிஞர்களைப் பற்றிய கதைகளில் பெரும்பங்கு நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதில் புனைவு கலந்திருப்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒரு நகரமே அழிந்தபின் அதன் குரல்களை நினைவிலிருந்து மீட்க முனைந்த ஒருவரின் தவிப்பு அதன் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது.

உருதுக் கவிஞர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் காதலும் மதுவும் முன்னால் வந்து நின்றுவிடுகின்றன. அவர்களுக்கு யார் சோறு போட்டார்கள் என்ற கேள்வி எனக்கு அதைவிடப் பெரிது. நவாபோ பாதுஷாவோ மாதந்தோறும் அளந்த உதவித்தொகையான வஸீஃபாதான் பலருக்கும் வாழ்வாதாரம். அந்தப் பரிசில் வாழ்க்கை குலைந்த ஒவ்வொரு முறையும் இந்தக் கவிதை புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டது என்பது என் துணிபு.

தொடக்கத்தில் இந்தச் சிக்கல் இல்லை, அரசனே கவிஞன். 1591இல் ஹைதராபாத் நகரை நிறுவிய முஹம்மது குலி குத்ப் ஷா உருதுவின் தென்னக வடிவமான தக்கணியில் திவான் என்னும் முழுக் கவிதைத் தொகுப்பையே விட்டுச்சென்றார். அதே தக்கணி மரபில் வந்த வலீ 1700இல் தில்லிக்குப் போனார். பல ஆண்டுகள் கழித்து அவருடைய திவானும் அங்கே போய்ச் சேர்ந்தது. பாரசீகத்தில் எழுதுவதே பெருமை என்றிருந்த தில்லிக் கவிஞர்கள் பேச்சுமொழியிலும் கஜல் எழுதமுடியும் என்று அப்போதுதான் நம்பினார்கள். வடக்குக்குத் தெற்கு கொடுத்த கொடை அது. அகமதாபாத்தில் இருந்த வலீயின் சமாதியை 2002 கலவரத்தில் இடித்து, அதன்மேல் தார்ச்சாலையும் போட்டுவிட்டார்கள்.

மீர் தகீ மீர் 1723இல் ஆக்ராவில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து பிழைப்புத் தேடித் தில்லிக்கு வந்தார். அவர் வளர்ந்த காலம் முழுக்க அந்த நகரம் சூறையாடப்பட்டுக்கொண்டே இருந்தது. 1739இல் பாரசீக மன்னர் நாதிர் ஷா வந்தார், அடுத்து ஆப்கானிய மன்னர் அப்தாலி மீண்டும் மீண்டும் வந்தார். இளமையில் தனக்குச் சித்தம் கலங்கியதையும், நிலவில் ஒரு பெண்ணுருவத்தைக் கண்டு மருண்டதையும் மீர் தன் பாரசீகத் தன்வரலாற்றில் ஒளிக்காமல் எழுதுகிறார். தில்லியில் புரவலர் ஒவ்வொருவராக நொடித்துப்போக, கவிஞர்கள் மூட்டை கட்டிக்கொண்டு லக்னோவுக்குக் கிளம்பினார்கள். அங்கதக்காரரான சௌதா முன்பே போய்விட்டார். சூஃபியான மீர் தர்த் மட்டும் தில்லியை விட்டு அசையவில்லை. மீர் 1782இல் நவாப் ஆசஃபுத்தௌலாவின் அழைப்பில் லக்னோ சேர்ந்தார். சாப்பாட்டுக்குக் குறையில்லை, ஆனால் 1810இல் கண்மூடும்வரை அந்த ஊர் அவர் மனத்துக்கு ஒட்டவில்லை. அவருடைய ஆறு திவான்களில் வரும் பாழடைந்த நெஞ்சை எங்கே பாழடைந்த தில்லியிலிருந்து பிரித்து வாசிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகவே அவருக்குள் இடிந்தன.

அதே காலத்தில் ஆக்ராவில் நஜீர் அக்பராபாதி பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வயிறு வளர்த்தார். ரொட்டி, காசு, ஹோலி, கரடி வித்தை என்று சந்தையில் கண்டதையெல்லாம் பாடினார். அரசவையை அண்டாதவர் என்பதால் இலக்கிய மேலோர் அவரை நெடுங்காலம் கவிஞராகவே மதிக்கவில்லை. அது உருது விமர்சனத்தின் பெருங்குறை.

காலிப் (1797–1869) வாழ்க்கையையும் இதே கேள்வியோடு அணுகினால் வேறொரு மனிதர் தெரிகிறார். சிற்றப்பாவின் படைச்சேவைக்காகக் குடும்பத்துக்குக் கிடைத்த ஓய்வூதியத்தில் அவர் பங்கு மாதம் 62 ரூபாய் 8 அணா. நியாயமான பங்கு கேட்டு அவர் கல்கத்தாவரை போனார். 1828 முதல் அங்கே தங்கி மனுமேல் மனு போட்டும் கும்பினி அரசு கைவிரித்துவிட்டது. 1842இல் தில்லிக் கல்லூரியில் பாரசீக ஆசிரியர் வேலை தேடி வந்தது. பல்லக்கில் போய் இறங்கினார். ஆங்கிலேய அதிகாரி வாசலுக்கு வந்து வரவேற்கவில்லை என்பதற்காக அப்படியே திரும்பிவிட்டார் என்று ஆசாத் எழுதுகிறார். வீட்டில் சூதாட இடம்கொடுத்ததற்காக 1847இல் சிறையும் போனார். பிறந்த ஏழு குழந்தைகளில் ஒன்றுகூடத் தங்கவில்லை.

1850இல் முகலாய பாதுஷா பகதூர் ஷா ஜஃபர் அவரை முகலாயர் வரலாறு எழுத மாதம் 50 ரூபாய்க்கு அமர்த்தினார். ஜவ்க் இறந்ததும் பாதுஷாவின் கவிதை ஆசானானார். அந்தப் பாதுஷாவே கும்பினி தந்த உதவித்தொகையில் காலம் தள்ளியவர். 1857இல் அந்த நிழலும் போயிற்று. தம்பி யூசுஃப் கலகத்தில் இறந்தார். ஜஃபர் ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு 1862இல் அங்கேயே மடிந்தார். காலிபின் ஓய்வூதியம் நின்றது, 1860 வரை திரும்பவில்லை. ராம்பூர் நவாப் அனுப்பிய மாதம் 100 ரூபாய் குடும்பத்தைத் தாங்கியது.

அந்த ஆண்டுகளில் அவர் விக்டோரியா மகாராணிக்கும் கவர்னர்களுக்கும் எழுதிய புகழ்ப்பாக்களான கசீதாக்களை இன்று யாரும் விரும்பி எடுத்துப் படிப்பதில்லை. நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் உயிரோடு இருக்கின்றன. ஹர்கோபால் தஃப்தா போன்ற சீடர்களிடம் எதிரே உட்கார்ந்து பேசுவதுபோல் எழுதினார். கடன், மழையில் ஒழுகும் கூரை, தூக்கிலிடப்பட்ட நண்பர்கள், ஆளில்லாத தெருக்கள் என்று எல்லாம் அவற்றில் வருகின்றன. நவீன உருது உரைநடை அங்கே பிறந்தது என்றே சொல்வேன். கவிதையில் பூட்டி வைத்த துக்கத்தை அவர் பேச்சுத் தொனியில் சொல்லிவிட்டார். கேட்க அரசவை இல்லாததால்தான் அது முடிந்தது.

பழைய வாழ்க்கையின் கடைசிச் செழிப்பைக் கண்டவர் தாக். ஹைதராபாத் நிஜாமின் உஸ்தாதாக வசதியோடு வாழ்ந்து 1905இல் இறந்தார். சியால்கோட்டைச் சேர்ந்த இக்பால் என்ற இளைஞர் தபாலில் அனுப்பிய கஜல்களைத் திருத்தித் தந்தவரும் அவரே. காலிபின் சீடர் ஹாலியோ லாகூரில் ஆசாத்தோடு சேர்ந்து 1874இல் முஷாயிரா எனும் கவியரங்கின் புதுவகைகளில் பங்கேற்றார். அங்கே கஜலுக்கு அடி தராமல், மழைக்காலம், தாய்நாடு என்று பொருள் தந்து, ஒரே பொருளைத் தொடர்ந்து பாடும் நஸ்ம் எழுதச் சொன்னார்கள். கல்வித்துறைச் சம்பளம் வஸீஃபாவின் இடத்துக்கு வர, கவிதை சமூகத்துக்குப் புத்தி சொல்லத் தொடங்கியது. அதில் கொஞ்சம் அழகு போயிற்று என்பதை மறைக்கத் தேவையில்லை.

இக்பால் கேம்பிரிட்ஜிலும் மூனிக்கிலும் படித்து, வழக்கறிஞராக வாழ்ந்தவர். அவர் கவிதையில் பாதிக்கு மேல் பாரசீகம். 1929 ஜனவரியில் சென்னைக்கு வந்து இஸ்லாமியச் சிந்தனையைப் பற்றி உரையாற்றினார். பின்னாளில் புகழ்பெற்ற அவருடைய தத்துவ நூலின் ஒரு பகுதி அந்த மேடையில் பேசப்பட்டதுதான்.

அதே சியால்கோட் மண்ணில் பிறந்த ஃபைஸ் அஹ்மத் ஃபைஸ் பேராசிரியர், ராணுவ அதிகாரி, 'பாகிஸ்தான் டைம்ஸ்' ஆசிரியர், தொழிற்சங்கவாதி என்று பல வேடம் தரித்தவர். 1951 மார்ச்சில் அரசைக் கவிழ்க்கத் திட்டமிட்டதாகத் தொடுக்கப்பட்ட ராவல்பிண்டிச் சதி வழக்கில் கைதாகி நான்காண்டுகள் சிறையில் கிடந்தார். 'தஸ்தே சபா', 'ஜிந்தான் நாமா' இரண்டும் அந்தச் சிறையின் விளைச்சல். அரசாங்கம் கவிஞனுக்குப் படியளந்த காலம் போய், சிறையில் களி போட்ட காலம் வந்தது. கஜலின் பழைய சரக்கான காதலி, எதிராளி, கூண்டு, தோட்டம் எல்லாவற்றையும் அவர் அப்படியே எடுத்து அரசியல் பேசவைத்தார். தணிக்கைக்காரருக்குக் காதல் பாட்டு, வாசகருக்கு விடுதலைப் பாட்டு. அந்த இரட்டைப் பேச்சை மீர் காலத்து மரபு அவருக்குத் தயாராக வைத்திருந்தது.

அவர் காலத்து முற்போக்கு எழுத்தாளர்களில் மக்தூம் மொஹியுத்தீன் தெலங்கானா உழவர் போராட்டத்தில் இறங்கினார். மஜாஸ் லக்னோவில் ஒரு குளிர்கால இரவில் சாராயக்கடை மொட்டைமாடியில் விறைத்து, 1955இல் உயிர்விட்டார். சாஹிர் லுதியான்வி பம்பாய்த் திரையுலகில் புதிய புரவலரைக் கண்டார், ஆனால் கைகட்டி நிற்கவில்லை. பாடகருக்கும் இசையமைப்பாளருக்கும் நிகராகப் பாடலாசிரியருக்கும் பெயரும் பணமும் வேண்டும் என்று சண்டையிட்டார்.

பெண்களின் கதை தனியாக எழுதத்தக்கது. ஹைதராபாத்தின் மஹ் லகா பாய் சந்தா (1768–1824) நடனமும் இசையும் தொழிலாகக் கொண்டவர், ஜாகீர்கள் உடையவர், தானே பிறரைப் புரந்தவர். திவான் தொகுத்த முதல் பெண்களில் ஒருவர். 1799இல் அதன் பிரதியை ஜான் மால்கம் என்ற பிரிட்டிஷ் அதிகாரிக்குப் பரிசளித்தார். அவருக்குப் பின் நெடிய மௌனம். இருபதாம் நூற்றாண்டில் சம்பளம் வாங்கும் பெண்கள் அதை உடைத்தார்கள். பர்வீன் ஷாகிர் சுங்கத்துறை அதிகாரியாக இருந்துகொண்டே கஜலில் பெண்ணைப் பெண்ணாகவே பேசவிட்டார். 42 வயதில் இஸ்லாமாபாத் சாலை விபத்தில் போய்விட்டார். கிஷ்வர் நாஹித் அரசு ஊழியராக இருந்தபடியே பாகிஸ்தானில் ஜியாவின் ராணுவ ஆட்சியை எதிர்த்து எழுதினார்.

ஃபஹ்மிதா ரியாஸ் 1973இல் 'பதன் தரீதா' தொகுப்பில் பெண்ணுடலைப் பற்றி எழுதி வசை வாங்கியவர். நடத்திய பத்திரிகைமீது வழக்குகள் குவிய, குழந்தைகளோடு இந்தியாவுக்குத் தப்பி வந்தார். தில்லியில் ஏறத்தாழ ஏழாண்டுகள் வாழ்ந்துவிட்டுக் கராச்சி திரும்பினார். அடைக்கலம் தந்த நாட்டுக்கு அவர் கசீதா பாடவில்லை. இங்கே மதவெறி தலைதூக்கியபோது, தன் நாடு விழுந்த குழியிலேயே இந்தியாவும் விழுவதைக் கண்டித்துக் கவிதை எழுதி, அதைத் தில்லிக்கே வந்து மேடையில் வாசித்தார்.