ஒரு சொல்லுக்கு ஒரு சென்ட்

வியாபாரப் பத்திரிகையில் இலக்கியம் முளைக்காது என்பது நம் வட்டத்தில் ஏறக்குறைய ஒரு சித்தாந்தம். பெரும்பாலும் அது சரியும்கூட. ஆனால் அதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாதபடி ஒரு பத்திரிகை எனக்குக் குறுக்கே நிற்கிறது: 1920 ஏப்ரலில் நியூயார்க்கில் தொடங்கிய 'ப்ளாக் மாஸ்க்'.

அதன் பிறப்பே வேடிக்கையானது. எச். எல். மென்க்கனும் ஜார்ஜ் ஜீன் நேதனும் அப்போது 'ஸ்மார்ட் செட்' என்ற இலக்கியப் பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தார்கள். ஜாய்ஸின் 'டப்ளினர்ஸ்' கதைகளில் இரண்டை 1915-ல் வெளியிட்ட பத்திரிகை அது. வழக்கம்போல் கையைக் கடித்தது. அதற்குத் தீனி போட 500 டாலர் முதலில் ஒரு மலிவுக் கதைப் பத்திரிகையை ஆரம்பித்தார்கள். எட்டு இதழ்கள் வந்த பிறகு அதை 12,500 டாலருக்கு விற்றுவிட்டு விலகிக்கொண்டார்கள். உயர்ந்த பத்திரிகைக்குச் சோறு போட வந்த வேலைக்காரி. 'ஸ்மார்ட் செட்' 1930-ல் நின்றுபோனது. வேலைக்காரி 1951 வரை இருந்தாள்.

மரக்கூழிலிருந்து செய்த முரட்டுத் தாள். சீக்கிரமே மஞ்சள் பாரித்து ஓரங்கள் பொடியாக உதிரும். எழுத்தாளனுக்குக் கூலி பொதுவாகச் சொல்லுக்கு ஒரு சென்ட். இந்த ஏற்பாட்டில் எழுத்து ஊதிப் பெருக்கத்தானே வேண்டும்? பெரும்பாலானவர்களிடம் அப்படித்தான் ஆயிற்று. டேஷியல் ஹாமெட்டிடம் நேர்மாறாக நடந்தது. ஏன் என்பதுதான் என் கேள்வி.

முரட்டுத் துப்பறிவாளனை முதலில் கொண்டுவந்தவர் ஹாமெட் அல்ல, கரோல் ஜான் டாலி. 1923 மே மாதம் டெர்ரி மேக் வந்தான். அடுத்த மாதமே ரேஸ் வில்லியம்ஸ். டாலியின் பெயர் அட்டையில் இருந்தால் இதழ் கூடுதலாக விற்கும் என்ற நிலை. இன்று டாலியைப் படித்தால் ஒரு சிறுவன் கண்ணாடி முன் நின்று துப்பாக்கி நீட்டிப் பார்க்கிற சமாச்சாரமாக இருக்கிறது. முதலில் செய்தவன் என்பது சரித்திரக்காரனுக்கு முக்கியம். விமர்சகன் அதற்குத் தலைவணங்க வேண்டியதில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் பீட்டர் காலின்சன் என்ற புனைபெயரில் ஹாமெட் எழுதிய துப்பறிவாளனுக்குப் பெயரே கிடையாது. ஒரு ஏஜென்ஸியின் சிப்பந்தி, குட்டை, பருமன், நடுவயசு. சம்பளத்துக்கு வேலை செய்கிறான், மேலதிகாரிக்கு அறிக்கை எழுதுகிறான். ஹாமெட் பிங்கர்ட்டன் ஏஜென்ஸியில் உண்மையாகவே அந்த வேலை பார்த்தவர். காசநோய் வந்த பிறகு எழுத்துக்கு வந்தவர். கண்டதைக் கண்டபடி எழுது, ஊகத்தைச் சேர்க்காதே என்ற அறிக்கை எழுதும் ஒழுங்குதான் அவருடைய நடையாயிற்று என்று நினைக்கிறேன். அவருடைய முதல் எழுத்து வெளிவந்தது 1922-ல், அதே 'ஸ்மார்ட் செட்'டில் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். இலக்கியத்தின் வாசல் அவருக்குத் தெரியாததல்ல.

1926-ல் ஜோசப் ஷா ஆசிரியரானதும் பத்திரிகைக்கு ஒரு முகம் வந்தது. 1927 நவம்பரில் தொடங்கி நான்கு பகுதிகளாக வந்த 'ரெட் ஹார்வெஸ்ட்'டில், வேலைநிறுத்தத்தை உடைக்கச் சுரங்க முதலாளி வரவழைத்த அடியாட்களே ஊரை எடுத்துக்கொள்கிறார்கள். கொலைகாரன் யார் என்ற புதிர் அங்கே அற்பமாகிவிடுகிறது. ஊரே குற்றம். சுத்தம் செய்ய வந்தவனுக்கும் கொலையில் ருசி தட்டுகிறது, அது தனக்கே தெரிந்து பயப்படுகிறான். முற்போக்குப் பட்டயம் எதுவும் இல்லாமல் எழுதப்பட்ட இதற்கு ஈடாகப் பட்டயத்தோடு எழுதப்பட்டவை எத்தனை?

'மால்டீஸ் ஃபால்க'னில் (1930-ல் புத்தகமாயிற்று) ஃப்ளிட்கிராஃப்ட் என்பவனின் கதையை ஸ்பேட் சொல்கிறான். நடந்துபோகிறவன் பக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த கட்டடத்திலிருந்து ஓர் உத்தரம் விழுகிறது. கன்னத்தில் ஒரு கீறல்தான். ஆனால் வாழ்க்கையின் மூடியை யாரோ திறந்து காட்டியது போலாகிவிடுகிறது. வீடு, மனைவி, குழந்தைகள் எல்லாவற்றையும் விட்டுப் போகிறான். சில ஆண்டுகள் கழித்து வேறோர் ஊரில் அதே மாதிரி மனைவி, அதே மாதிரி வீடு. உத்தரங்கள் விழுவதற்குப் பழகிக்கொண்டவன், அவை விழாமலிருப்பதற்கும் பழகிக்கொண்டான். கதையோட்டத்துக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கும் பெண்ணுக்கும் அது புரியவில்லை. ஸ்பேட் என்ன நினைக்கிறான் என்று நாவல் முழுக்க ஹாமெட் ஒரு வரிகூடச் சொல்வதில்லை. இந்தக் கதையை அவன் சொல்கிறான், அவ்வளவுதான். காம்யுவைப் பாராட்டுகிறவர்கள் இந்தச் சில பக்கங்களைப் பார்க்க வேண்டும்.

ரேமண்ட் சாண்ட்லர் எண்ணெய்க் கம்பெனி வேலை போனபின், நாற்பத்தைந்தாவது வயதில் இங்கே வந்தார். 1933 டிசம்பரில் வெளியான முதல் கதைக்கு ஐந்து மாத உழைப்பு. கிடைத்தது 180 டாலர். எர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் கதையொன்றைச் சுருக்கி, தானே திரும்ப எழுதிப் பார்த்துத் தொழில் பழகினார். பின்னால் பழைய கதைகளைப் பிரித்துப்போட்டு 1939-ல் 'த பிக் ஸ்லீப்' செய்தார். உவமைகளின் மினுக்கு எனக்குச் சில இடங்களில் திகட்டுகிறது. ஹாமெட்டிடம் இல்லாத ஒரு கருணை அவரிடம் உண்டு. அதுவே அவருடைய பலவீனமும். மார்லோவை வீரனாக்காமல் அவரால் இருக்க முடியவில்லை.

இப்போது இந்தத் தாள்களைப் பொக்கிஷம் என்று சேகரிக்கிறவர்கள் டாலியையும் ஹாமெட்டையும் ஒரே அலமாரியில் வைக்கிறார்கள். எல்லாவற்றையும் குப்பை என்றவனைவிட இவர்கள் எனக்கு நெருக்கமானவர்கள் அல்ல. இருவருமே படிப்பதில்லை.

ஷா 1936-ல் கூலிக் குறைப்புத் தகராறில் வெளியேறினார். அதே ஆண்டு ஜனவரியில் அந்த எழுத்தாளர்கள் கூடிய விருந்தின் புகைப்படம் ஒன்று இருக்கிறது. ஹாமெட்டும் சாண்ட்லரும் நேரில் சந்தித்தது அந்த ஒரு முறைதான். ஹாமெட் அப்போதே தன் ஐந்து நாவல்களையும் எழுதி முடித்திருந்தார். 1961-ல் இறக்கும்வரை ஆறாவது வரவில்லை.