ஒரே உலையும் ஊர்ப் பாட்டும்: தியோபிலஸ் அப்பாவுவின் கிராமிய இசை பற்றிய ஒரு திறனாய்வு

தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைகளின் இசையில் இரண்டு மரபுகள் நெடுங்காலம் ஆட்சி செலுத்தின. தரங்கம்பாடி லுத்தரன் மிஷனெரிகளின் வழிவந்த, ஜெர்மன் மெட்டுகளில் அமைந்த ஞானப்பாட்டுகள் ஒன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) முதலியோர் இராக தாளங்களில் இயற்றிய கீர்த்தனைகள் மற்றொன்று. சாஸ்திரியாரே பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். ஆகையால் நாட்டு வழக்குக்குத் திருச்சபை முற்றிலும் அந்நியமாயிருந்தது என்று சொல்லிவிட முடியாது. எனினும், சபையில் பெரும்பான்மையோராகிய கூலிவேலை செய்யும் மக்களின் பாட்டும் பறையும் ஞாயிறு ஆராதனையின் வாசலைத் தாண்டவில்லை. அவ்வாசலைத் திறக்க முற்பட்டவர்களுள் முதன்மையானவர், மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அருட்திரு ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005) ஆவார்.

அவர் 'பரட்டை' என்னும் புனைபெயரில் பாடல் இயற்றினார். எண்ணெய் காணாத தலையைக் குறிக்கும் சொல்லைக் குருவானவர் ஒருவர் தமக்குப் பெயராகச் சூடிக்கொண்டதே ஓர் இறையியல் கூற்று எனலாம். அவருடைய பாடல்களின் மெட்டைப் பற்றியும் கருத்தைப் பற்றியும் பலர் எழுதியுள்ளனர். அமெரிக்க இசையியலாளர் ஜோ ஷெரினியன் 2014இல் ஒரு நூலே வெளியிட்டார். ஆயினும் அப்பாவுவின் சிறப்பு மெட்டிலுமன்று, சொல்லிலுமன்று; பாடும் முறையிலேயே அது அடங்கியுள்ளது என்பது நம் துணிபு.

பாடகரும் சபையும்

பாடகர் மேடையில் இருக்க, சபை கேட்டு மகிழ்வது கச்சேரி முறை. அப்பாவு இதை ஏற்கவில்லை. அவர் ஓர் அடியைப் பாடுவார். கூடியிருப்போர் திருப்பிப் பாடுவர். பாடலுக்கு இடையில் பேச்சும் நகைச்சுவையும் விளக்கமும் வரும். கிராமியப் பாட்டுக்கு ஆசிரியரின் முத்திரை இல்லை, பாடுகிற மக்கள் அதைத் தம் தேவைக்கேற்ப மீண்டும் படைத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. 1986இல் வெளிவந்த 'ஃபோக்லோர் ஃபார் சேஞ்ச்' என்னும் நூலில், நாட்டார் வழக்காறு சமுதாய மாற்றத்துக்குக் கருவியாக இயலும் என்பதை அவர் ஆராய்ந்தார்.

1 கொரிந்தியர் 14இல் அப்போஸ்தலன் கேட்கும் கேள்வியை இங்கு நினைவுகூர்வோம். விளங்காத மொழியில் ஒருவன் ஸ்தோத்திரம் பண்ணினால், கல்லாதவன் அதற்கு எப்படி ஆமென் சொல்லுவான்? அப்பாவு இக்கேள்வியை இன்னும் ஒருபடி கொண்டுசெல்கிறார். கல்லாதவன் ஆமென் சொன்னால் மட்டும் போதுமா? அவனும் ஓர் அடி பாட வேண்டாமா?

ஒரே உலை

அவருடைய இறையியலின் நடுவில் இருப்பது 'ஒரே உலை' என்னும் கருத்து. ஒரு பானையில் பொங்கி எல்லாரும் பகிர்ந்துண்ணுவதே ஆண்டவருடைய பந்தியின் பொருள் என அவர் கண்டார். கொரிந்துச் சபையில் சிலர் பசியாயிருக்கச் சிலர் முந்தியுண்டதைப் பவுல் கண்டித்தது (1 கொரிந்தியர் 11) இதே காரணத்துக்காகவே. 1990களில் அவர் கிராமிய இசையில் அமைத்த நற்கருணை வழிபாட்டு முறையில் பறையும் பேச்சுத் தமிழும் ஒன்றாய் வருகின்றன. கடவுளைப் 'பெத்தவரே' என்று விளிக்கையில் அச்சொல்லில் தாயும் அடங்குகிறாள். 1975இல் நிகரகுவாவில் கார்லோஸ் மெஹியா கொடோய் உழவர் இசையில் திருப்பலிப் பாடல்களை அமைத்ததோடு இதனை ஒப்பிடலாம். ஏழைகளின் இசையில் ஏழைகளின் கடவுளைத் தொழுவது இருவருக்கும் பொதுவான நோக்கம்.

மாகறலிலிருந்து பார்த்தால்

இத்தகைய பாடலைச் சோதித்தறிய வேண்டிய இடம் கல்லூரிச் சிற்றாலயம் அன்று, கிராமமே. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில் உள்ள மாகறலையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் எண்ணுவோம். மாகறல் சம்பந்தரின் பதிகம் பெற்ற தலம். இப்பகுதி முழுதும் பாரதக் கூத்தின் நிலம். 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் காஞ்சிபுரத்தில்தான் தோன்றியது. கூத்தில் கட்டியங்காரன் அரசனையும் கேலி செய்வான். பழங்கதையை இன்றைய ஊர்க்கதையோடு இணைப்பான். அப்பாவு ஏறக்குறைய இந்தக் கட்டியங்காரனின் இடத்தையே ஆராதனையில் எடுத்துக்கொண்டார். இவ்வட்டார மக்களுக்கு அவருடைய முறை புதிதன்று. அது ஆலயத்துக்குள் வருவதே புதிது.

ஆனால் இங்கேதான் வலுவான எதிர்ப்பும் எழுகிறது. “பறையடிப்பதை விட்டுவிட்டுத்தானே, ஐயா, நாங்கள் வேதத்துக்கு வந்தோம்?” என்று கேட்கிற சபை மூப்பரைக் கிராமச் சேகரத்தில் பணியாற்றிய எவரும் அறிவர். இக்கேள்வியை அறியாமை என்று தள்ளுவது பாவம். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துப் பறையர்கள் நிலமற்று அடிமைப்பட்டிருந்த நிலையை அதன் ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் அரசுக்கு எழுதினார். அதன் பின்னரே 1892இல் பஞ்சமி நிலங்களுக்கான ஆணை பிறந்தது. அன்று பறை கலையாக இருக்கவில்லை. சாவுக்கும் ஊர்வேலைக்கும் கட்டாயமாக அடிக்கப்பட்டது. ஆகவே கிறிஸ்துவுக்குள் அதைக் கீழே வைத்ததும் ஒரு விடுதலையே. அதை மீண்டும் தம் விருப்பப்படி கையில் எடுப்பதும் விடுதலையே. இரண்டில் எது என்பதை அம்மக்களே தீர்மானிக்க வேண்டும். போதகர் அவர்களுக்காகத் தீர்மானித்தால், பழைய ஆண்டைக்குப் பதிலாகப் புதிய ஆண்டை வந்தார் என்பதே மிச்சம்.

இரு குறைகள்

அப்பாவுவின் இயக்கத்தில் நாம் காணும் குறைகள் இரண்டு. முதலாவது, பாடல்களை ஒலிநாடாவில் பதிவு செய்து பரப்பினார்கள். பதிவு பாடலை ஊர்தோறும் கொண்டுசென்றது. அதே சமயம் 'சரியான' மெட்டு ஒன்றையும் நிலைநாட்டிவிட்டது. மாற்றிப் பாடப் பிறந்த பாட்டு மனப்பாடப் பாட்டாயிற்று. இரண்டாவது, எந்த வட்டாரப் பேச்சும் அடுத்த வட்டாரத்துக்கு ஓரளவு அயலானதே. கல்லூரியில் கற்ற பாடலைச் செய்யாற்றங்கரையில் அப்படியே பாடுகிற மாணவர், கிராமியம் என்னும் பெயரால் மற்றொரு ஞானப்பாட்டையே இறக்குமதி செய்கிறார். பட்டமளிப்பு விழாவில் சீருடையணிந்து சலங்கை கட்டிப் பாடிவிட்டு, பட்டணச் சேகரத்துக்கு மாற்றம் கேட்டு விண்ணப்பிப்போரைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆமோஸ் 5:23 அவர்களோடு பேசட்டும்.

இக்குறைகளுக்கு மருந்தும் அப்பாவுவின் கொள்கையிலேயே இருக்கிறது. வேதநாயக சாஸ்திரியார் சிறந்த கவிஞர். எனினும் 1829இல் சபைக்குள் சாதி வேற்றுமையைக் காத்து வாதாடினார். உயர்ந்த இசை தன்னால் மனிதரை ஒன்றாக்காது என்பதற்கு அதுவே சான்று. கிராமிய இசைக்கும் இது பொருந்தும். ஒரே உலையில் உண்ண மனமில்லாத சபையில் பறை முழங்கினாலும் அது வெறும் ஓசையே.

ஆகையால் கிராமத்துக்குச் செல்லும் இளம் ஆயர்களுக்கு நாம் கூறுவது இதுவே. அப்பாவுவின் பாடலைக் கொண்டுசெல்லுங்கள். ஆனால் முதலில் பாடாதீர்கள். நாற்று நடுகிற பெண்கள் எதைப் பாடுகிறார்கள், துக்கவீட்டில் எப்படி அழுகிறார்கள் என்று ஓராண்டு கேளுங்கள். அவர்கள் வீட்டில் உண்ணுங்கள். பிறகு பாடலை அவர்களிடம் கொடுங்கள். அவர்கள் அடியை மாற்றினால் திருத்த முயல வேண்டாம். அவர்கள் அதை வேண்டாம் என்று தள்ளினால், அந்த மறுப்பையும் சபையின் குரலாக ஏற்றுக்கொள்ளுங்கள்.