கைப்பிடி

மாவுருண்டை ஒன்றைக் கையில் கொடுத்தால் நான் முதலில் விரல் தடத்தைத் தேடுவேன். பிடித்தவரின் நாலு விரலும் உள்ளங்கைக் குழியும் அதில் லேசாகப் பதிந்திருக்க வேண்டும். சில கடைகளில் கோலிக்குண்டு போல வழவழவென்று உருட்டிக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருப்பார்கள். பார்க்க லட்சணமாக இருக்கும். வாயில் போட்டால் யாரும் தொடாத பண்டத்தைத் தின்பது போல ஒரு அந்நியம்.

முறுக்கைப் பிழிகிறோம், அதிரசத்தைத் தட்டுகிறோம், தோசையை வார்க்கிறோம். உருண்டையை மட்டும் பிடிக்கிறோம். பிள்ளையாரையும் அப்படித்தான், மஞ்சளிலோ சாணத்திலோ ஒரு பிடி. பிடிப்பதற்கு அச்சு வேண்டாம், கரண்டி வேண்டாம். யார் கையோ அந்தக் கையின் அளவு. பொட்டுக்கடலை மாவுருண்டையை, சில வீடுகளில் மாலாடு என்று சொல்வதை, நான் பலகாரங்களிலேயே உசத்தி என்று பிடிவாதமாகச் சொல்லிவருவதற்கு இதுதான் காரணம். இதில் அடுப்புக்கு வேலை குறைவு, கைக்குத்தான் வேலை.

பொரிவிளங்காய் உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பாகு பதம் தப்பினால் உதிரும், இல்லாவிட்டால் சுத்தியல் கேட்கும். கொதிக்கிற பாகை மாவில் கொட்டி, ஆறுவதற்குள் உள்ளங்கை சிவக்கச் சிவக்கப் பிடித்தாக வேண்டும். அந்த வீரத்தை மதிக்கிறேன். ஆனால் நாலு வயதுப் பிள்ளை காலைச் சுற்றிக்கொண்டிருக்கும் வீட்டில் அது ஆகிற காரியமில்லை. மாவுருண்டைக்கு நெய் உருக்குகிற நேரம்தான் தீயின் பங்கு.

ஏனென்றால் பொட்டுக்கடலையை நமக்காக வேறு யாரோ ஏற்கெனவே வறுத்துவிட்டார்கள். கொண்டைக்கடலைக்குத் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, சூடான மணலில் வறுத்து, தோலை நீக்கி உடைத்ததுதான் அது. அவலும் அப்படியே: நெல்லை ஊறவைத்து வறுத்து இடித்துத் தட்டையாக்கும்போதே பாதி சமையல் முடிந்துவிடுகிறது. மாவிளக்கு இன்னும் ஒரு படி மேலே. ஊறவைத்த பச்சரிசியை இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, குழித்து நெய்த்திரி ஏற்றுகிறோம். மலையேறியபின் அந்த மாவுக்காகப் பிள்ளைகள் காத்திருப்பார்கள். வள்ளி கிழவருக்குக் கொடுத்த தேனும் தினைமாவும் இந்தக் குடும்பம்தான். அதைத் தின்ற கிழவர் விக்கலெடுத்துத் தண்ணீர் கேட்டார் என்று கதை சொல்வார்கள். சமையல்காரியின் கண்ணோடு பார்த்தால் மாவில் நெய் போதவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

போன வாரம் தங்கை வீட்டில் பிடித்தோம். அவளுக்கு ஏழு வயதில் ஒரு பெண், நாலு வயதில் ஒரு பையன். கணக்கு எளிது. இரண்டு டம்ளர் பொட்டுக்கடலை, ஒரு டம்ளர் சர்க்கரை, நாலு ஏலக்காய், அரை டம்ளருக்குச் சற்றுக் குறைய நெய். பொட்டுக்கடலையை வெறும் வாணலியில் கை பொறுக்கும் சூட்டுக்குப் புரட்டி ஆறவிட்டால் மிக்ஸியில் நறநறப்பில்லாமல் அரைபடும். மழைக்காலத்தில் இந்தப் புரட்டலை விடவே கூடாது. (மில்லுக்கு அனுப்பாதீர்கள். முன்னால் யாராவது மிளகாய் அரைத்திருப்பார்கள். அதற்கப்புறம் ஏலக்காயால் ஒன்றும் செய்ய முடியாது.) சலித்தபின் சல்லடையில் நிற்கிற ரவையை மறுபடி அரைக்க வேண்டும். சலிக்கும் வேலையைப் பெரியவளிடம் கொடுத்தோம். சல்லடையைத் தட்டத் தட்ட மாவு மலை எழும்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாதி மாவு தரையில்தான். அது இந்தத் தொழிலின் சேதாரம்.

இனி நெய். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டுவதுதான் எல்லோரும் செய்கிற பிழை. மாவில் குழி பறித்து, சூடான நெய்யை இரண்டு கரண்டி விட்டு, கரண்டிக் காம்பால் கிளற வேண்டும். அந்த நிமிஷம் பிள்ளைகள் எட்டி நிற்கட்டும். சூடு தணிந்ததும் ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார்ப்பது. பிடித்தால் நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். புட்டு மாவுக்குச் சொல்கிற அதே பதம். பிடியில் நிற்காமல் உதிர்ந்தால் இன்னொரு கரண்டி. அவசரப்பட்டு நெய் கூடிவிட்டால் பிடிக்கும்போது எளிதாகத்தான் இருக்கும். தட்டில் வைத்த கொஞ்ச நேரத்தில் உருண்டை அடிபரந்து பணியாரமாகிவிடும்.

நெய்யின் குணம் இதற்கென்றே அமைந்தது. உருகிய நிலையில் மாவுத்துகள்களுக்கு நடுவே இறங்கி, ஆறியதும் இறுகிக்கொள்கிறது. வாய்ச்சூடு பட்டதும் மறுபடி இளகுகிறது. டப்பாவில் உறுதியாக நின்ற பண்டம் நாக்கில் பட்டதும் கரைவது இதனால்தான். நல்ல மாவுருண்டைக்குப் பல் தேவையில்லை. பல் முளைத்துக்கொண்டிருக்கும் பேரனும் பல் போய்விட்ட தாத்தாவும் ஒரே தட்டில் கை வைக்கக்கூடிய பலகாரம் வேறு எத்தனை இருக்கிறது?

பிடிப்பதில் சின்னவன் எங்களுக்கெல்லாம் வாத்தியார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் உருட்டப் பார்க்கிறோம். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே சப்பாத்தி உருண்டைபோலச் சுழற்றினால் மாவுருண்டை பிளந்துவிடும். அவன் கை சின்னது; உருட்ட வராது. கை நிறைய அள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க அமுக்குவான். அது உருண்டையாக வராது. பிடிகொழுக்கட்டை மாதிரி விரல் வரி வரியாக நிற்கும். ஆனால் நிற்கும். முதலில் அமுக்கு, அப்புறம் ஓரத்தைச் செல்லமாகத் திருத்து என்கிற பாடம் அதில் முழுதாக இருக்கிறது.

முந்திரியைப் பற்றி எனக்கும் தங்கைக்கும் சண்டை. அவள் நெய்யில் வறுத்த அரை முந்திரியை ஒவ்வொன்றிலும் பதிக்க ஆசைப்பட்டாள். ஐந்து வயதுக்குக் கீழே முழுக்கொட்டை, அரைக்கொட்டை எதுவும் வேண்டாம், தொண்டையில் சிக்கும் என்று பொடித்துக் கலக்கவைத்தேன். ருசிக்கும் அதுதான் நல்லது: கரைந்துகொண்டிருக்கும் மாவுக்கு நடுவே கல் மாதிரி ஒரு முந்திரி வருவது எனக்கு எப்போதுமே பிடிக்காது. சின்னவனுக்குரியதைக் கொஞ்சம் தட்டையாகவும் அமுக்கிவைத்தோம். சர்க்கரைக்குப் பதில் தேன் விடலாமா என்று கேட்கிறவர்கள், வீட்டில் ஒரு வயது நிறையாத குழந்தை இருந்தால் அதற்கு மட்டும் தேன் ஆகாது என்பதை நினைவில் வைக்கட்டும்.

ஒரு மனத்தாங்கலும் உண்டு. நெய்யை மிச்சம் பிடிக்கிறேன் என்று பால் தெளித்துப் பிடிக்கிற வழக்கம். ஒட்டத்தான் செய்யும். ஆனால் நெய் உருண்டை இரண்டு வாரம் தாங்கும். பால் உருண்டை இரண்டு மூன்று நாளில் வாடை தட்டும். அதைவிட, பால் பட்ட மாவு வாயில் கரையாமல் மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும். சொந்தக்காரர் வீட்டில் அப்படி ஒன்றைத் தின்றுவிட்டு, பேசவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் நான் உட்கார்ந்திருந்தது தனிக்கதை.

நெய்கூட வேண்டாம் என்பவர்களுக்கு இடித்த எள்ளுருண்டை இருக்கிறது. எள்ளில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். வெடிக்க வறுத்த எள்ளைக் கருப்பட்டியோடு உரலில் இடித்தால் எண்ணெய் தானே கசிந்து எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறது. செக்கில் நல்லெண்ணெய் ஆட்டும்போது கருப்பட்டி போடுவார்களே, அங்கே எண்ணெய் பிரியவேண்டும் என்று ஆட்டுகிறார்கள்; இங்கே பிரிவதற்கு ஒரு கணம் முன்னால் உலக்கையை நிறுத்த வேண்டும். மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றலாம். ஒரு சுற்று கூடினால் துவையல்.

இப்போது பேரீச்சம்பழத்தை அரைத்து, ஓட்ஸும் வேர்க்கடலையும் சேர்த்து உருட்டுகிற எனர்ஜி பால்ஸ் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. குறை சொல்ல மாட்டேன். தீயே வேண்டாம், கொட்டை நீக்கிவிட்டால் பிள்ளைகள் தாங்களே செய்துகொள்ளலாம். வேர்க்கடலையை மட்டும் நன்றாகப் பொடித்துவிட வேண்டும். ஆனால் அந்தப் பழம் யார் கைக்கும் ஒட்டிக்கொள்கிறது, எப்படி அமுக்கினாலும் நிற்கிறது. மென்று மென்று தின்ன வேண்டியிருக்கிறது. உதிர்ந்துவிடுமோ என்கிற பயம் இல்லாத உருண்டையில் எனக்கு ஏனோ சுவாரசியம் வருவதில்லை.

அன்று தட்டில் இருபத்தொன்று தேறியது. தங்கையுடையது எலுமிச்சை அளவு, என்னுடையது சற்றுப் பெரிது, பெரியவளுடையது நெல்லிக்காய். சின்னவனுடைய மூன்றும் எந்தக் கணக்கிலும் சேராமல் ஓரத்தில் நின்றன. இறுகட்டும், சாயங்காலம் தின்னலாம் என்று சொல்லி மூடிவைத்தோம். பாத்திரத்தின் அடியில் நெய் படாத வெறும் மாவு கொஞ்சம் மிஞ்சியிருந்தது. நான் கை கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் பாத்திரம் காலி. முகமெல்லாம் மாவோடு சின்னவன் வந்து நின்றான். வாயைத் திறந்தால் மாவு பறந்தது.

“பெரியம்மா, தண்ணி.”