புளூஸ் இசை: உருவமும் ஐதிகமும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசை பற்றி எழுந்த விமர்சனங்கள் பலவும் அதனைத் துயரத்தின் இயல்பான வெளிப்பாடாகவே கொண்டுள்ளன. அடிமைத்தளை நீங்கிய பின்னரும் குத்தகைக் குடிகளாய்ப் பருத்தி வயல்களில் உழன்ற மக்களின் பெருமூச்சு தானாகவே பாடலாயிற்று என்பது இக்கருத்தின் சாரம். பரிவிலே பிறந்த கருத்தெனினும், இஃது அம்மக்களுக்கு நீதி செய்வதாகாது. துன்பம் எங்கும் உண்டு. புளூஸ் எங்கும் தோன்றவில்லை. துன்பத்தைக் கலையாக்கிய திறன் யாது என்பதே விமர்சனம் எழுப்ப வேண்டிய வினாவாகும்.

புளூஸின் மிகப் பரவலான உருவம் பன்னிரண்டு தாள அளவுகளைக் கொண்டது. ஷட்ஜம், மத்திமம், பஞ்சமம் ஆகியவற்றின்மீது எழும் மூன்று சுரக்கூட்டுகளே இதற்குப் போதுமானவை. முதல் நான்கு அளவுகள் ஷட்ஜக் கூட்டில் நிலைகொள்ளும். அடுத்த இரண்டு மத்திமத்துக்குச் செல்லும். பின்னிரண்டு ஷட்ஜத்துக்குத் திரும்பும். ஒன்பதாவது பஞ்சமத்தையும் பத்தாவது மத்திமத்தையும் தொட, இறுதி இரண்டும் மீண்டும் ஷட்ஜத்தை அடையும். பாடலின் மூன்று அடிகளும் நான்கு நான்கு அளவுகளாக இதனுள் அடங்கும். முதலடியே இரண்டாமடியாகவும் வரும். மூன்றாமடி அதற்கு விடையாக அமையும்.

இவ்வமைப்பின் நுட்பம் எளிதிற் புலப்படுவதன்று. சொற்கள் மாறாது மீள வரும்போது அவற்றின் கீழுள்ள சுரக்கூட்டு மாறிவிடுகின்றது. கூறியது கூறலே புதுப்பொருள் பெறுகின்றது. ஒவ்வோர் அடியும் தனக்குரிய நான்கு அளவுகளை முழுமையாக நிரப்புவதில்லை. எஞ்சிய இடத்திற் கிற்றார் மறுமொழி கூறுகின்றது. வயலிலும் தேவாலயத்திலும் ஒருவர் பாடப் பலர் ஏற்றுப்பாடிய மரபு, தனிப்பாடகனின் விரல்களுக்கு இடம்மாறியுள்ளது. மேலும், குரல் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையே ஊசலாடும். ஐரோப்பிய இசையிலக்கணம் வேறொரு கூட்டிற் சென்று தீரவேண்டியதெனக் கருதும் கைசிகி நிஷாதம், இங்கு ஆதாரக் கூட்டிலேயே பெரும்பாலும் தங்கிவிடுகின்றது. வீடு திரும்பியும் அமைதி கிட்டாத இந்நிலை, கற்றறிந்த கைகளாற் கட்டப்பட்டதொன்றாகும்.

இவ்வுருவம் ஆதியிலிருந்தே இறுகியிருந்ததெனக் கொள்வதும் தவறு. 1920களின் பிற்பகுதியில் இசைத்தட்டுகளிற் பாடிய ரெக்சாஸ் கலைஞர் பிளைன்ட் லெமன் ஜெபர்சன், பாட்டின் தேவைக்கேற்ப அளவுகளை நீட்டியும் குறுக்கியும் இசைத்தார். லீறோய் கார் 1928இல் இசைத்தட்டாக்கிய 'ஹவ் லோங், ஹவ் லோங் புளூஸ்' எட்டு அளவுகளில் அமைந்தது. ஜோன் லீ ஹூக்கர் 1948இலும் ஒரே சுரக்கூட்டைக் கொண்டு பாடலை நடத்திக் காட்டினார். உருவம் நிலைபெற்றதிற் சந்தைக்கும் பங்குண்டு. டபிள்யூ. சி. ஹண்டியின் 'மெம்பிஸ் புளூஸ்' 1912இல் அச்சேறியது. 1920இல் மேமி சிமித் பாடிய 'கிரேஸி புளூஸ்' பெருமளவில் விற்பனையாகவே, இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பினக் கேட்போரை நாடின. 1923இல் மா றெய்னி, பெஸி சிமித் ஆகியோரின் இசைத்தட்டுகள் வெளிவரலாயின. இசைத்தட்டுலகில் முதலில் ஒலித்தது மேடைப் பயிற்சி பெற்ற இப்பெண்களின் குரலே. தனித்து அலையும் கிற்றார்க் கலைஞனின் குரலன்று.

இவ்வுண்மையை மறைத்த ஐதிகங்களுள் றொபேட் ஜோன்சனைப் பற்றியது தலையாயது. நாற்சந்தியொன்றிற் பேயிடம் ஆன்மாவை விற்று அவர் கலைத்திறன் பெற்றார் என்பது கதை. இதையொத்த கதை முன்னரே ரொமி ஜோன்சன் என்னும் வேறொரு கலைஞரைப் பற்றி வழங்கியது. தொடக்கத்திற் சிறவாத றொபேட், சிலகாலத்தின் பின் வியத்தகு ஆற்றலுடன் திரும்பி வந்தாரெனச் சண் ஹவுஸ் நினைவுகூர்ந்துள்ளார். இடைப்பட்ட காலத்தில் அவர் ஐக் சிம்மர்மனிடம் கிற்றார் பயின்றார். லீறோய் கார், கொக்கோமோ ஆர்னோல்ட் முதலியோரின் இசைத்தட்டுகளைக் கூர்ந்து கேட்டார். பியானோவின் இடக்கை நடையைக் கிற்றாரின் தாழ்ந்த தந்திகளுக்குக் கொணர்ந்தார். 1936இலும் 1937இலும் அவர் பதிவுசெய்த இருபத்தொன்பது பாடல்களிலும் கேட்பது இவ்வுழைப்பின் பயனே.

அமிரி பராக்கா, லீறோய் ஜோன்ஸ் என்ற பெயரில் 1963இல் வெளியிட்ட 'புளூஸ் பீப்பிள்' என்னும் நூல், இவ்விசையை ஒரு மக்கட் கூட்டத்தின் சமூக வரலாறாகக் கண்டது. அது சமூகவியலுக்கு அளித்த அழுத்தத்திற் புளூஸின் கலைத்தன்மை பின்தள்ளப்பட்டதென றால்ப் எலிசன் 1964இற் குறைகூறினார். இருவர் கூற்றையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. சமூக அனுபவம் கலையினுள் வந்துசேரும் வழி உருவமே. அவ்வுருவத்தை ஆராயாது அனுபவத்தை மட்டும் பேசுவோர் வரலாற்றையும் அரைகுறையாகவே காண்பர்.

அடிமைகள் பாடுவதை அவர்தம் மனநிறைவுக்குச் சான்றாகக் கொண்டோரைப் பிரெடரிக் டக்ளஸ் 1845இலேயே மறுத்துரைத்தார். இன்பத்தை இயல்பென்றோர் பாட்டிலுள்ள துயரைக் காணவில்லை; துயரை இயல்பென்போர் பாடியவனின் அறிவைக் காண்பதில்லை. ஒடுக்கப்பட்டோரின் கண்ணீரை மதித்து, அவர்தம் சிந்தனையை மறந்துவிடும் விமர்சனம், ஒடுக்குதலின் ஒரு கூற்றைத் தன்னையறியாமலே தொடர்வதாகும்.