படர்க்கையில் ஆறும் புண்: சார்லோட் சாலமோனின் ஓவிய நாடகமும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

பெருந்துன்பத்திற்கு உள்ளான ஒருவர் அதனைக் கதையாகவோ ஓவியமாகவோ ஆக்கும்போது அவரது மனப்புண் ஆறுகிறது என்னும் கருத்து உளவியலிலும் இலக்கியத் திறனாய்விலும் பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. மனத்தில் உள்ளதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்பது பொதுவழக்கிலும் உள்ள நம்பிக்கை. இந்நம்பிக்கை தன்மை இடத்தை அடிப்படையாகக் கொண்டது. 'நான்' வாய்திறந்தால் 'நான்' நலம் பெறுவேன் என்பதே அதன் சாரம். ஆனால் இவ்வகைப் படைப்புகளுள் முதன்மையாக எண்ணத்தக்க ஒன்று இதற்கு மாறான வழியில் செல்கிறது. ஜெர்மானிய யூத ஓவியரான சார்லோட் சாலமோன் 1940க்கும் 1942க்கும் இடைப்பட்ட காலத்தில் தென்பிரான்சில் உருவாக்கிய 'வாழ்வா? நாடகமா?' என்னும் ஓவியத் தொகுதி, அவர்தம் குடும்பக் கதையைப் படர்க்கையில் கூறுகிறது. இப்படர்க்கை வெறும் நடை உத்தி அன்று. புண் ஆறும் வழியே அதுதான். மொழிபெயர்ப்பாளர் அதனைக் காக்கத் தவறின் படைப்பின் பொருளே திரியும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. படைப்பின் பின்னணி

சார்லோட் 1917-இல் பெர்லினில் ஓர் அறுவை மருத்துவரின் மகளாகப் பிறந்தார். 1926-இல் தாய் தற்கொலை செய்துகொண்டார். குழந்தையிடம் சளிக்காய்ச்சலால் இறந்தார் என்றே கூறப்பட்டது. 1930-இல் தந்தை மணந்த பாலா லிண்ட்பெர்க் பெயர்பெற்ற பாடகி. 1938 நவம்பரில் யூதர்மீது நிகழ்ந்த வன்முறைக்குப் பின் சார்லோட் பிரான்சில் இருந்த தாய்வழிப் பாட்டி, தாத்தாவிடம் அனுப்பப்பட்டார். 1940-இல் பாட்டியும் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போதுதான் தாயின் மறைவு பற்றிய உண்மையையும், தமக்குப் பெயர் தந்த சிற்றன்னை உட்படக் குடும்பத்தில் பலர் அவ்வாறே இறந்ததையும் தாத்தாவின் வாயிலாகச் சார்லோட் அறிந்தார். அதே ஆண்டில் அவரும் தாத்தாவும் கூர் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டு மீண்டனர்.

இதன் பின்னரே இத்தொகுதி உருவாயிற்று. சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்று அடிப்படை வண்ணங்களை ஆண்டு தீட்டிய தாள்களுள் 769-ஐத் தெரிந்து, எண்ணிட்டு, அவர் நாடகமாக அமைத்தார். தொடக்கப் பகுதிகளில் ஓவியத்தின்மீது ஒளி ஊடுருவும் மெல்லிய தாள் வைக்கப்பட்டு, அதில் உரையாடலும் விவரிப்பும் எழுதப்பட்டுள்ளன. பின்னர் எழுத்து ஓவியத்திற்குள்ளேயே நுழைகிறது. இறுதிப் பகுதியில் எழுத்து மட்டுமே நிறைந்த தாள்களும் உண்டு. தொகுதியைத் தமக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் ஒப்படைத்த சார்லோட், 1943 அக்டோபரில் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். அப்போது அவர் கருவுற்றிருந்தார். 1971-இல் தந்தையும் சிற்றன்னை பாலாவும் தொகுதியை ஆம்ஸ்டர்டாம் யூத அருங்காட்சியகத்திற்கு வழங்கினர்.

3. வகைப்பெயர் என்னும் மொழிபெயர்ப்பு

படைப்புக்கு ஆசிரியர் இட்ட வகைப்பெயர் 'சிங்ஷ்பீல்'. இது உரையாடலும் பாட்டும் கலந்த ஜெர்மானிய மேடை வடிவம். தமிழில் இசைநாடகம் எனலாம். ஆயின் 1963-இல் வெளிவந்த ஆங்கிலத் தேர்வுநூல் இதனை 'படங்களில் ஒரு நாட்குறிப்பு' என்றது; 1981 பதிப்பு 'தன்வரலாற்று நாடகம்' என்றது. நாட்குறிப்பு என்னும் பெயர் படைப்பைத் தன்மை இடத்துக்குள் இழுத்துவிடுகிறது. நாட்குறிப்பு எழுதுபவர் அன்றன்று நேர்ந்ததை அன்றன்றே பதிகிறார். அடுத்து வருவதை அறியார். சாலமோனோ முடிவு தெரிந்தபின் முதற்காட்சியை அமைக்கிறார். தாம் பிறக்கும் முன் 1913-இல் மாண்ட சிற்றன்னையிலிருந்தே அவரது கதை தொடங்குகிறது. துன்பத்தைக் கொட்டுவதன்று, அடுக்குவதே இங்கு நிகழும் தொழில். வகைப்பெயரைப் பெயர்க்கும்போதே இத்தொழிலை மறைத்துவிடலாம் என்பதற்கு இவ்விரு பதிப்புகளும் சான்று.

4. தன்னைப் பிறராகக் கூறல்

தொகுதியின் முகப்பில், இத்தாள்கள் எவ்வாறு பிறந்தன என விளக்குமிடத்தில் ஆசிரியர் தம்மை 'நான்' எனச் சுட்டவில்லை. கடலோரம் ஒருவர் அமர்ந்து ஓவியம் தீட்டுவதாகவும், அவர் மனத்தில் ஒரு மெட்டு எழுவதாகவும் கூறுகிறார். மேலும், தாம் தம்மிலிருந்து முழுமையாக வெளியேறி, மாந்தர் தத்தம் குரலில் பாடவும் பேசவும் இடந்தர முயன்றதாகவும் குறிப்பிடுகிறார். இக்குறிப்பே படைப்பின் திறவுகோல். நாயகிக்குச் சார்லோட் கான் என்னும் பெயர். சிற்றன்னை பாலின்கா பிம்பாம் ஆகிறார். பாட்டுப் பயிற்றுநரான ஆல்ஃப்ரெட் வோல்ஃப்சோன், அமதேயஸ் தாபர்லோன் ஆகிறார். முதல் உலகப் போரில் மடிந்தவர்களின் ஓலம் போருக்குப் பின்னும் தம் காதில் ஒலித்துக்கொண்டிருக்க, குரற்பயிற்சியாலேயே மீண்டவர் வோல்ஃப்சோன். அவர் தேடியது தம் குரலை. சாலமோன் தேடியது மாண்டவர் அனைவரின் குரலையும்.

தன்னைப் பிறராக வைத்துக் கூறுதல் தமிழ் இலக்கணத்திற்குப் புதிதன்று. 'கொடு' என்னும் சொல் படர்க்கைக்குரியதாயினும், பேசுவோன் தன்னை வேறொருவன் போலக் கருதிக் கூறும் குறிப்பில் தன்மையிலும் வரும் எனத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் எச்சவியலில் விதிக்கிறது. இடம் என்பது உலகில் உள்ளவாறு அமைவதோடு, பேசுவோன் குறிப்பாலும் அமையும் என்பது இதனால் புலனாகும்.

எனினும் தமிழில் பெயர்ப்போர்க்கு இரு தடைகள் உண்டு. முகப்பில் வரும் 'மென்ஷ்' என்னும் ஜெர்மன் சொல் மனிதப் பிறவியைக் குறிப்பது, இலக்கணத்தில் ஆண்பால். 'மனிதன்' என்றால் ஆண்பால் பொருளாகவே நிலைத்துவிடும்; 'பெண்' என்றால் மறைந்து நிற்பவர் வெளிப்பட்டுவிடுவார். 'ஒருவர்' என்பதே பொருந்தும். அடுத்தது மதிப்பு வேறுபாடு. ஜெர்மன் படர்க்கைப் பெண்பாற் பெயர் மதிப்பைக் காட்டுவதில்லை; தமிழ் 'அவள்', 'அவர்' என ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். 'அவர்' என்பது நாயகியை வரலாற்று மாந்தராக உயர்த்தி, ஆசிரியர் ஏற்படுத்திய தொலைவை மரியாதையாக மாற்றிவிடும். குழந்தைப் பருவம் முதல் இறுதிவரை 'அவள்' என்பதே நிற்றல் நலம்.

இவ்விடத்தில் பிற்காலத்தில் வெளிப்பட்ட ஒரு செய்தியும் எண்ணத்தக்கது. தொகுதியோடு சேர்ந்த நீண்ட கடிதத் தாள்கள் நெடுங்காலம் பொதுப்பார்வைக்கு வராமல் 2010களில் வெளிவந்தன. தாத்தாவுக்கு நஞ்சிட்டதாக ஓர் ஒப்புதல் அவற்றில் உள்ளது. அது நிகழ்ச்சியா, கற்பனையா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், அக்கடிதம் தன்மையில், ஒரு முன்னிலையை நோக்கி எழுதப்பட்டது. படர்க்கையில் துயரம் வடிவம் பெற, தன்மையில் சினம் வெளிப்படுகிறது. ஆறுதல் தரும் படைப்பு என்னும் பெயருக்குக் குந்தகம் நேரும் என இதனை ஒதுக்குவது திறனாய்வாகாது.

5. மெட்டின் பொருள்

காட்சிகளுக்குரிய மெட்டுகளையும் ஆசிரியர் குறித்துள்ளார். தாயின் திருமணக் காட்சிக்கு வேபரின் 'டெர் ஃப்ரைஷுட்ஸ்' இசைநாடகத்தில் தோழியர் பாடும் மணமாலைப் பாட்டு குறிக்கப்படுகிறது. அந்நாடகத்தில் மணமாலை இருக்க வேண்டிய பெட்டியில் இறந்தோர்க்குரிய மாலை இருந்துவிடும். இதனை அறிந்த ஜெர்மானியர் மணக்காட்சியிலேயே மணமகளின் முடிவைக் கேட்டுவிடுவர். ஓவியமோ எழுத்தோ அதனைச் சொல்லத் தேவையில்லை. தமிழ்ப் பாட்டுப் புத்தகங்களில் பாடலின் தலைப்பில் வர்ணமெட்டைக் குறிக்கும் மரபு இருந்ததால் குறிப்பின் வடிவம் தமிழர்க்குப் பழகியதே. ஆனால் மெட்டின் பெயர் மட்டும் போதாது. அது சுமக்கும் நினைவையும் உரைக்குறிப்பாகத் தர வேண்டும்.

6. வினா நீங்கும் இடம்

ஜெர்மன் தலைப்பில் இரு வினாக்குறிகள் உள்ளன. இறுதி ஓவியத்தில், கடலை நோக்கி அமர்ந்து தீட்டும் பெண்ணின் முதுகில் அதே சொற்கள் வினாக்குறியின்றி எழுதப்பட்டுள்ளன. அவள் கையிலுள்ள தாளினூடே கடல் தெரிகிறது. ஜெர்மனில் குறியை நீக்கினால் போதும். தமிழிலோ வினா குறியில் இல்லை. ஆகார இடைச்சொல்லில் உள்ளது. 'வாழ்வா? நாடகமா?' என்பதில் குறியை மட்டும் நீக்கினாலும் வினா அப்படியே நிற்கும். 'வாழ்வு அல்லது நாடகம்' என இடைச்சொல்லையே களைதல் வேண்டும். 'வாழ்வும் நாடகமும்' என உம்மை கொடுத்து இணக்கம் காண்பது பிழை. 'அல்லது' இறுதிவரை நீங்கவில்லை. மேலும் தமிழில் 'நாடகம்' பாசாங்கையும் சுட்டும். ஈண்டு அப்பொருளும் வேண்டத்தக்கதே. தாயின் இறப்பை மறைத்ததும் ஒரு நாடகந்தானே.

7. முடிவுரை

தமிழில் 'ஆறு' தன்வினை. புண் தானே ஆறும். 'ஆற்று' பிறவினை, அதுவே ஒரு செயலைச் செய்து முடித்தலையும் குறிக்கும். சாலமோனின் தொகுதி இரண்டாவதைச் சார்ந்தது. குடும்பத்தார் பலரை இழுத்துச் சென்ற சாவின் விழைவை அவர் படர்க்கையில் நிறுத்திப் பார்த்து வென்றார். ஆயின் அவரைக் கொன்றது அவ்விழைவன்று, ஓர் அரசு. கலை உள்ளிருந்து வரும் அழிவைத் தடுத்தது. வெளியிலிருந்து வந்ததைத் தடுக்க அதனால் இயலவில்லை. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, 'கலையால் மீண்டவர்' என்றோ 'கொலையுண்டவர்' என்றோ ஒரு சொல்லில் அடக்கும் மொழிபெயர்ப்பும் திறனாய்வும் அவர் விட்டுச்சென்ற 'அல்லது' என்னும் சொல்லை அழித்தனவாகும். அச்சொல்லைக் காப்பதே பெயர்ப்போரின் கடன்.