போர்ட்டோஃபினோவும் கஸ்பா பேட்டும்

புனேயிலிருந்து மேற்கே மலைப்பாதையில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் போனால் லவாசா வருகிறது. வரஸ்காவ் அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டி, காவியும் மஞ்சளும் இளஞ்சிவப்பும் பூசிய மாடிக் கட்டடங்கள் கரையோடு வளைந்து நிற்கின்றன. இத்தாலியின் லிகூரியாக் கடற்கரையில் உள்ள போர்ட்டோஃபினோ என்ற பழைய மீனவச் சிற்றூரை மாதிரியாகக் கொண்டு கட்டப்பட்ட இடம் இது. மழைக்காலத்துச் சனி, ஞாயிறுகளில் புனேயிலிருந்தும் மும்பையிலிருந்தும் கார்கள் வரிசை கட்டுகின்றன. இத்தாலிக்குப் போக வசதி இல்லாத குடும்பம் ஒரு பகல் முழுக்க அந்தக் கரையில் உலாவி, படம் எடுத்துக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறது. அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலாற நடக்க ஓர் இடம், ஒன்றுக்கொன்று இணங்கி நிற்கும் வீடுகள், குழந்தையின் கையை விட்டுவிட்டு நிற்கக்கூடிய தெரு: நாம் வாழும் நகரங்கள் இவற்றை நமக்குத் தருவதில்லை. ஆனால் பழைய ஊர் ஒன்றைப் பார்ப்பது என்றால் என்ன என்பதை லவாசா நமக்குத் தவறாகக் கற்றுக்கொடுக்கிறது.

போர்ட்டோஃபினோவின் வடிவம் பல நூற்றாண்டுகளின் தேவையிலிருந்து வந்தது. மலை நெருக்கியது, துறைமுகம் சிறியது, அதனால் வீடுகள் உயரமாகவும் ஒட்டியும் எழுந்தன. லவாசாவில் வடிவம் முதலில் வந்தது, வாழ்பவர்கள் பிறகு வருவார்கள் என்று காத்திருந்தார்கள். ஹிந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனி தொடங்கிய இந்தத் திட்டத்தின் வரைபடம் அமெரிக்க நகரமைப்பாளர்களின் விருதைக்கூடப் பெற்றது. 2010 நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி பற்றிக் கேள்வி எழுப்பி வேலையை நிறுத்தியது. ஓராண்டு கழித்து நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. அந்தப் பள்ளத்தாக்கின் கிராமத்தாரும் கட்கரி பழங்குடியினரும் தங்கள் நிலம் பறிபோன விதம் பற்றி நெடுநாள் முறையிட்டார்கள். 2018-ல் லவாசாவை நடத்திய நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. பயணிகள் படம் எடுக்கும் கரைக்குச் சற்றுப் பின்னால் பாதியில் நின்ற கட்டடங்கள் இருக்கின்றன. சில லட்சம் பேர் குடியேறுவார்கள் என்று போட்ட கணக்கு பொய்த்துவிட்டது.

அப்படியானால் அசல் இத்தாலிய ஊர்கள் எதனால் நிற்கின்றன? கல்லின் உறுதியோ கலைஞனின் மேதைமையோ மட்டும் காரணமில்லை. 1960-ல் குப்பியோ என்ற மலையூரில் கூடிய கட்டடக் கலைஞர்களும் நகர நிர்வாகிகளும் ஒரு சாசனம் எழுதினார்கள். தேவாலயத்தையும் அரண்மனையையும் தனியே பிரித்துக் காப்பது போதாது, பழைய நகரம் முழுவதும், அதன் சாதாரணத் தொழிலாளி வீடு உட்பட, ஒரே நினைவுச் சின்னம் என்பது அதன் சாரம். பொலோஞா நகரம் இதைச் செயலாக்கிக் காட்டியது. 1969-ல் பழைய நகருக்கென்று தனித் திட்டம் வகுத்து, 1973-ல் அங்கிருந்த ஏழைக் குடித்தன வீடுகளைப் பொதுப் பணத்தில் செப்பனிட்டது. பழுதுபார்த்த வீட்டில் பழைய குடும்பமே திரும்பி வாழ வேண்டும் என்பது அதன் நோக்கம். திட்டமிட்ட அளவுக்கு எல்லாம் நடந்துவிடவில்லை. ஆனாலும் பொலோஞாவின் நெடிய தூண் தாழ்வாரங்களில் இன்றும் மாணவர்களும் காய்கறிக்காரர்களும் நடக்கிறார்கள் என்றால், அந்த எண்ணத்துக்கு அதில் பங்கு உண்டு.

வருகையாளர்களே ஊரைத் தின்றுவிட முடியும் என்பதற்கும் இத்தாலியே சாட்சி. வெனிஸின் பழைய தீவு நகரில் 1951-ல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022-ல் அந்த எண்ணிக்கை 50,000-க்குக் கீழே போய்விட்டது. வீடுகள் விடுதிகளாகின. ரொட்டிக் கடை இருந்த இடத்தில் முகமூடி விற்கிறார்கள். 2024 ஏப்ரல் முதல் சில நாட்களில் பகல்பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். லவாசா பார்த்து ஏங்கிய அந்தப் போர்ட்டோஃபினோவில் சில நூறு பேர்தான் குடியிருக்கிறார்கள். படம் எடுப்பதற்காகக் குறிப்பிட்ட இடங்களில் நின்றுகொண்டே இருந்தால் அபராதம் என்று 2023-ல் விதி போட வேண்டியதாயிற்று. பார்க்கப் போகிறவர்கள் தரும் பணத்தால் ஊரின் கூரை காக்கப்படுகிறது. அந்தப் பணமே வீட்டின் விலையை ஏற்றி, உள்ளூர்க்காரனை வெளியேற்றுகிறது. இரண்டும் உண்மை. எது மிஞ்சும் என்பதை அந்த ஊரின் சட்டமும் நிர்வாகமும் தீர்மானிக்கின்றன.

இந்த அளவுகோலோடு புனேக்குத் திரும்புகிறேன். முத்தா ஆற்றின் தென்கரையில் கஸ்பா பேட், புத்வார் பேட், சனிவார் பேட், சதாசிவ் பேட் என்று விரியும் பழைய வட்டாரங்கள்தான் இந்த நகரத்தின் உண்மையான பழைய ஊர். லவாசாவை விட்டுவிட்டு இதைப் போய்ப் பாருங்கள் என்று நண்பர்களிடம் சொல்வேன். கல் அடித்தளம், தேக்குத் தூண், நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம் என்று எழுந்த, வாடா எனப்படும் பழைய வீடுகள் இங்கே உண்டு. செட்டிநாட்டு வீட்டு முற்றங்களில் நின்று பழகிய நமக்கு அதன் அழகைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மராத்திய அரசின் பேஷ்வாவான இரண்டாம் பாஜிராவ் கட்டிய விஷ்ராம்பாக் வாடாவின் மரச் செதுக்கல் மாடத்தைத் தெருவில் நின்றபடியே பார்க்கலாம். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் காத்ரஜ் ஏரியிலிருந்து சுரங்கக் கால்வாயில் தண்ணீர் கொண்டுவந்து, தெருத்தெருவாகக் கல்தொட்டிகளில் நிரப்பிய ஏற்பாட்டின் எச்சங்களும் இருக்கின்றன.

ஆனால் பயணி பார்ப்பது பெரும்பாலும் சனிவார் வாடாவை மட்டும். 1730-ல் முதலாம் பாஜிராவ் அடிக்கல் நாட்டி, 1828 தீயில் உள்ளே எல்லாம் எரிந்துபோன கோட்டை அது. மதிலும், தில்லி தர்வாசா என்ற ஆணி பதித்த வாயிலும், உள்ளே அடித்தளங்களும் புல்வெளியும் எஞ்சியுள்ளன. இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, இப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக எதையும் கட்டக்கூடாது. பழுதுபார்க்க அனுமதி உண்டு, இடிந்ததைத் திரும்ப எழுப்ப அனுமதி கிடையாது. விளைவு என்ன? கோட்டையின் காலி வயிற்றைக் காக்கும் சட்டம், அதைச் சுற்றி மனிதர்கள் வாழும் வாடாக்களை மெதுவாக இடியவிடுகிறது. மழைக்காலத்தில் ஒரு சுவர் சரிந்தால் அந்தக் குடும்பம் தார்ப்பாய் கட்டிக் காலம் தள்ளவோ வெளியேறவோ வேண்டியதுதான். குப்பியோ சாசனத்துக்கு நேர் எதிரான சிந்தனை இது. கஸ்பா பேட், சனிவார் பேட் மக்கள் இதை எதிர்த்துப் போராடியதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

வாடாக்களை அழித்தது இந்தச் சட்டம் ஒன்று மட்டுமில்லை. 1961 ஜூலை 12-ல் பான்ஷெத் அணை உடைந்து வந்த வெள்ளம் ஆற்றோர வீடுகளை வாரிக்கொண்டு போனது. 1947-ன் வாடகைச் சட்டம் வாடகையை 1940-ன் அளவில் உறையவைத்தது. பல குடித்தனக்காரர்கள் பெயரளவு வாடகைதான் தருகிறார்கள், உரிமையாளர்களோ வாரிசுகளாகப் பெருகிக் கிடக்கிறார்கள். செலவு செய்து கூரை மாற்ற யாருக்கும் ஆர்வம் இல்லை. கட்டுமானக்காரர் வந்து முன்பணம் நீட்டும்போது எல்லோருக்கும் நிம்மதி.

மாநகராட்சியும் தன்னார்வ அமைப்புகளும் ஆர்வலர்களும் நடத்தும் பாரம்பரிய நடைகளை இந்தச் சூழலில் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். 1997-ல் அகமதாபாத் மாநகராட்சி தொடங்கிய நடை இந்திய நகரங்களுக்கு முன்மாதிரி. 20 ஆண்டுகள் கழித்து அந்த நகரம் உலகப் பாரம்பரிய நகரமானதில் அந்த நடை உண்டாக்கிய அக்கறைக்கு இடம் உண்டு. புனேயிலும் இந்த நடைகள் நல்லதே செய்திருக்கின்றன. ஐடி வேலைக்காக ஹிஞ்ஜேவாடிக்கு வந்து, வருடக்கணக்கில் பழைய நகருக்குள் காலே வைக்காத இளைஞர்கள் இதனால் ஆற்றின் இந்தப் பக்கம் வருகிறார்கள். தமிழர்களும் அவர்களில் நிறைய.

குறைகளும் சிறியவை அல்ல. நடை பெரும்பாலும் ஞாயிறு அதிகாலையில் நடக்கிறது. போக்குவரத்து இல்லை என்பது வசதி, ஆனால் ஊரே உறங்கிக்கொண்டிருக்கும். துளசிபாக்கில் பாத்திரக் கடைகள் மூடிக் கிடக்க, ராமர் கோயில் கோபுரத்தை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்கிறோம். கதையும் பேஷ்வாக்களைச் சுற்றியே ஓடுகிறது. புத்வார் பேட்டில் பிடே வாடா இருந்தது. 1848-ல் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் பெண்களுக்காகப் பள்ளி நடத்திய இடம் அது. நெடுங்காலம் அது கடைகளுக்குப் பின்னால் பாழடைந்து கிடந்தது. தேசிய நினைவகம் எழுப்புவதற்காக, உச்ச நீதிமன்றம் வரை போன வழக்குக்குப் பிறகு 2023 டிசம்பரில் இடித்தார்கள். எதிரே தகடூஷேட் கணபதியின் வாசலில் கூட்டம் அலைமோதும்போது, இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வழிகாட்டிகள் அன்றே சொல்லியிருந்தால், அந்தச் சுவர்களில் கொஞ்சமாவது நின்றிருக்குமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கஸ்பா பேட்டில் தாம்பட் ஆளி என்ற சந்து இருக்கிறது. பேஷ்வா காலத்தில் கொங்கணத்திலிருந்து வந்த செம்புக் கன்னார்கள் அங்கே இன்னமும் பாத்திரம் தட்டுகிறார்கள். செம்புத் தகட்டைச் சுத்தியால் சீராக அடித்து, ஒவ்வோர் அடியும் சிறு குழியாகப் பளபளக்கும்படி செய்வது அவர்களின் தனித்திறன். சந்துக்குள் நுழையும் முன்பே அடிக்கும் ஓசை கேட்கும், ஞாயிறு காலையில் மட்டும் அவ்வளவாகக் கேட்காது. வேலைநாளில் காலை பத்து மணிக்குத் தொடங்கி, பெரிய கூட்டமாக இல்லாமல் எட்டுப் பத்துப் பேராகச் சென்று, அந்தப் பட்டறையில் ஒரு செம்போ தவலையோ வாங்கி முடியும் நடைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அங்கே எளிதாகச் சென்றுவிடலாம். 2024 செப்டம்பரிலிருந்து சுரங்க மெட்ரோ கஸ்பா பேட்டுக்கும் அருகிலுள்ள மண்டாயிக்கும் வருகிறது.

கூட்டம் பெருகினால் இந்தச் சந்தும் வெனிஸ் ஆகிவிடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த அபாயத்துக்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது. கஸ்பா பேட்டின் வாடாக்களைப் பயணிகள் இன்னும் நெருக்கவில்லை. அவற்றைச் சரிப்பவை ஒழுகும் கூரையும், உறைந்த வாடகையும், 100 மீட்டர் விதியும்தான். வாடகைக்காரரும் உரிமையாளரும் சேர்ந்து பழுதுபார்க்க மாநகராட்சி பணம் தர வேண்டும், சரிந்த வீட்டைப் பழைய உயரத்தில் அதே முற்றத்தோடு திரும்பக் கட்ட தொல்லியல் சட்டம் இடம் தர வேண்டும்.