இரண்டில் ஒன்று ஸ்ராட் ஆகவில்லை

சாவியைத் திருப்பியும் எஞ்சின் சுற்றாமல் நிற்பதில் மூன்று வகை உண்டு. ஒன்றுமே கேட்காது, அல்லது ஒரே ஒரு ‘டக்’, அல்லது தவில்காரர் விரல் பழகுவதுபோல ‘டகடகடக’ என்று விடாத தட்டல். படகில் ஏறி உட்கார்ந்துவிட்ட பயணிக்கு மூன்றும் ஒன்றுதான், படகு இன்னும் வெளிக்கிடவில்லை. காது பழகியவருக்கோ அவை மூன்று வேறு இடங்களைக் காட்டுகின்றன. மௌனம் என்றால் பெரும்பாலும், ஸ்ராட்டருக்கு மின்னைத் திறந்துவிடும் சொலனொயிட்டுக்குச் சாவியிலிருந்து போகும் மெல்லிய வயரின் வழியில் எங்கோ தடை: பியூஸ், சாவிச் சுவிச், கியர் நடுநிலையில் இருந்தால் மட்டும் வழிவிடும் சிறு சுவிச். ஒற்றை ‘டக்’ என்றால் சொலனொயிட் இழுத்துவிட்டது. அதன் கருகிய தொடுமுனையிலோ, தடித்த வயரிலோ, ஸ்ராட்டர் மோட்டரிலோ, அபூர்வமாக இறுகிப்போன எஞ்சினிலோதான் சங்கதி. ‘டகடகடக’ என்பதில் ஒரு சிறு நாடகமே நடக்கிறது. சொலனொயிட் இழுக்கிறது, ஸ்ராட்டர் மின்னைக் கேட்கிறது, கேட்ட கணத்தில் வோல்ற் சரிகிறது, சொலனொயிட் கைவிடுகிறது, வோல்ற் மீள்கிறது, மறுபடி இழுக்கிறது. பற்றரி தளர்ந்திருக்கும், அல்லது அதன் தலையில் பூட்டு இறுகாமல் இருக்கும். காதில் தொடங்கும் இந்தப் பழுதறிதலை ஒரு கலை என்று ரசிக்கலாம் என்பதும், இரட்டை எஞ்சின் படகில்தான் அது தன் முழு வடிவத்தை எடுக்கிறது என்பதும் என் கட்சி.

யாழ்ப்பாணத் தீவுகளுக்குப் படகு வெளிக்கிடும் குறிகட்டுவான் துறையில் கட்டியிருக்கும் எல்லாப் படகுக்கும் இரண்டு எஞ்சின் கிடையாது. நயினாதீவுக்குக் கால்மணி நேரத்தில் போய்ச்சேரும் மரப்படகுகள் பல ஒற்றை டீசலோடே காலம் தள்ளுகின்றன. நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒருமணி நேரம் வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் அந்த வழியில் எஞ்சின் நிற்பதை யாரும் விரும்பமாட்டார்கள். ஒன்று நின்றால் மற்றது கரைசேர்க்கும் என்பது இரண்டாவது எஞ்சினுக்கு எல்லோரும் சொல்லும் நியாயம். பழுதறிபவருக்கு அது வேறொன்றையும் தருகிறது: ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல். ஒரே கடல், ஒரே உப்பு, ஒரே வயது, ஒரே ஓட்டியின் கை. இவ்வளவும் ஒன்றாயிருக்க, ஒன்று எழும்புகிறது, மற்றது எழும்பவில்லை என்றால், அந்த ஒரு வித்தியாசத்துக்குள்தான் பழுது ஒளிந்திருக்கிறது. கோயில் வீதியில் இரட்டை நாதஸ்வரம் வாசிக்கும்போது ஒன்றில் சுருதி விலகினால் சாதாரண காதுக்கும் பிடிபடுவது மற்றது பக்கத்தில் ஒலிப்பதால்தான். ஒரு பற்றரியையோ ஒரு றிலேயையோ இடம் வலமாக மாற்றிப் போட்டு, சாவியைத் திருப்புவார்கள். பழுது பொருளோடு போனால் குற்றவாளி அந்தப் பொருள். இருந்த இடத்திலேயே நின்றால் பொருள் நிரபராதி. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது இதிலுள்ள ஒரே கட்டுப்பாடு. அவசரக்காரர்கள் மீறுவதும் அதைத்தான்.

இக்கலையின் மிக அழகான இடம் மீற்றரில் இருக்கிறது. பற்றரியின் இரு தலைகளிலும் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ற், ஸ்ராட்டரின் போல்ற்றில் வைத்தாலும் 12.6. மின் வருகிறது, ஸ்ராட்டர் செத்துவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அந்த 12.6 பொய்ச்சாட்சி. மீற்றர் குடிக்கும் மின்னோட்டம் இல்லையென்றே சொல்லலாம். ஒரே ஒரு செப்பிழை பற்றிக்கொண்டிருக்கும் வயர்கூட அதற்குப் போதும். ஸ்ராட்டர் கேட்பதோ 200 அம்பியர் அளவில். மூட்டு ஒன்றில் ஓர் ஓமின் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே அந்த ஓட்டத்தில் 2 வோல்ற் அங்கேயே போய்விடும். 2 வோல்ற், 200 அம்பியர் என்றால் 400 வாற். ஒரு போல்ற்றின் தலையில் அவ்வளவு சூடு. விரல் வைத்தாலே தெரியும். ஆகவே தேர்ந்தவர் மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நேர்த்தலையிலும் மறுமுனையை ஸ்ராட்டரின் நேர்ப் போல்ற்றிலும் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொல்கிறார். எவ்வளவு வோல்ற் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. எவ்வளவு தொலைந்தது என்று கேட்கிறார். வழி சுத்தமென்றால் மீற்றர் பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். அரை வோல்ற்றுக்கு மேலே காட்டினால் வழியில் களவு நடக்கிறது. முனையை ஒவ்வொரு மூட்டாக நகர்த்தினால் களவு நடக்கும் இடமும் பிடிபடும். ஏர்த் பக்கத்துக்கும் இதே விசாரணைதான், பலர் மறந்துபோவதும் அந்தப் பக்கத்தைத்தான். இழப்பின்றி முழு மின்னும் வந்துசேர்ந்த பிறகும் சுற்றாவிட்டால் மட்டுமே ஸ்ராட்டரைக் கழற்ற நியாயம் உண்டு. செம்பில் களிம்புபோல ஆணவம் உயிரைப் பற்றியிருக்கிறது என்று சொல்லும் சைவசித்தாந்தம் ஊறிய மண் இது. அந்தக் களிம்பைக் கண்ணால் காண விரும்புபவர் பழைய படகின் வயர் நுனியைச் சீவிப் பார்க்கலாம்: மேல்உறை புதிதுபோல இருக்க, உள்ளே இழைகளின் இடுக்கு வழியே ஏறிய உப்புநீர் செம்பைப் பச்சையும் கறுப்புமாக்கியிருக்கும்.

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, சந்தேகப்பட்ட பாகத்தைப் புதிதாகப் போட்டுவிட்டுப் போகலாமே என்பார்கள். கேட்கும்போது நியாயமாகவே இருக்கும். ஆனால் களிம்பேறிய மூட்டோடு புது ஸ்ராட்டரைப் பூட்டினால் புது ஸ்ராட்டரும் ‘டக்’ என்றுதான் சொல்லும். பாகமோ யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து, சிலவேளை கொழும்பிலிருந்து, வாணர் தாம்போதி கடந்து புங்குடுதீவின் முனைக்கு வந்துசேர வேண்டும். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் குடாநாட்டில் மோட்டார்சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது, வானொலி சைக்கிள் டைனமோவில் பாடியது. பாகம் கிடையாத ஊரில் பழுதை அறிவதற்கு மதிப்பு அதிகம். அதே காலம் விட்டுப்போன ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும்: வயரை முறுக்கி, ரேப் சுற்றி, முடிந்தது என்று எழும்பும் வித்தை. தரையில் அது சில நாள் தாங்கும். கடலில் அது அடுத்த பழுதின் விதை. வேறு சிலர், எழும்பும்வரை சாவியை விடாமல் பிடித்திருப்பார்கள். சார்ல்ஸ் கெற்றரிங்கின் மின் ஸ்ராட்டர் 1912ஆம் ஆண்டின் கடிலாக் காரில் வந்தபோதே அதன் சூட்சுமம், சில வினாடி மட்டும் உழைக்கும் மோட்டர் தன் அளவுக்கு மிஞ்சிய சுமையைத் தாங்கும் என்பதுதான். அந்தச் சில வினாடியை நிமிடமாக்கினால் ஸ்ராட்டர் கருகும்.

இதைவிடக் கூரிய மறுப்பு ஒன்று உண்டு: அளவுகோலே கோணலாக இருந்தால்? ஒரே வயது என்றால் இரண்டும் ஒரே அளவில் தேய்ந்திருக்கும். எழும்பிய எஞ்சின் நாளை நிற்கப்போவதாக இருக்கலாம். ஒரே பற்றரிச் சுவிச்சையும் ஒரே ஏர்த் போல்ற்றையும் இரண்டும் பகிர்ந்துகொண்டால் ஒப்பீட்டில் ஒன்றும் தெரியாது. உள்ளே சோட் ஆன பாகத்தை நல்ல எஞ்சினுக்கு மாற்றினால் இருந்ததும் போய்விடும். மூன்றும் உண்மை. ஆனால் அவை முறையைத் தள்ளவில்லை, அதன் எல்லையைக் காட்டுகின்றன. சோட் இல்லை என்று அளந்த பிறகே மாற்ற வேண்டும். எழும்பிய எஞ்சினையும் எண்ணால் சோதிக்க வேண்டும். அது சுற்றும்போது பற்றரி பத்து வோல்ற்றுக்குக் கீழே சரிகிறதென்றால் அதையும் நல்லது என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றாக நின்றால் பழுது இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம். அதுவும் ஒரு விடைதான்.

கணினி பொருத்திய புது அவுட்போட் மோட்டர்கள் பழுதைத் தாமே இலக்கமாகச் சொல்கின்றன, இனிக் காதும் விரலும் எதற்கு என்பது இக்காலத்துக் கேள்வி. மின் அழுத்தம் குறைவு என்று அந்த இலக்கம் சொல்லும். எந்தப் போல்ற்றில் குறைகிறது என்று சொல்லாது.

படகு வைத்திருப்போரிடம் ஒன்று கேட்கலாம். இரட்டை எஞ்சினை இரட்டையாகவே வைத்திருங்கள். இரண்டுக்கும் ஒரே தடிப்பில், ஒரே நிறத்தில், தகரம் பூசிய வயர், தனித்தனிப் பற்றரி, ஒன்றில் செய்த மாற்றத்தை மற்றதிலும் செய்துவிடுங்கள். ஒரு மீற்றரும் படகிலேயே இருக்கட்டும்.